மொட்டைவாலுக்கு ஞாயிறு வரை கெடு

எனக்குக் கோபம் வந்தால் எதிர் லைன் வரைக்கும் கேட்கும். ஆனால் ஓர் எறும்பை மிதிக்க எனக்கு மனசு வராது. இந்த இரண்டும் ஒரே உடம்பில் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன என்று கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கும் தெரியவில்லை.

நாங்கள் குடியிருப்பது கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர்களுக்காக அந்தக் காலத்தில் வரிசை வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. சுரங்கம் மூடி எவ்வளவோ காலமாகிவிட்டது. வீடுகள் அப்படியே நிற்கின்றன, வீட்டில் இருந்த எலிகளும் காலி பண்ணவில்லை. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். எங்கள் லைனில் அந்தத் தனி வளை எலிகளுக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறது. மனிதர்கள் ஒரே சுவரை இரண்டு வீடாகப் பங்கு போட்டுக்கொண்டு வாழ்கிறோம். பக்கத்து வீட்டில் யாராவது தும்மினால் இங்கிருந்தே நான் "நூறு" சொல்லிவிடுவேன்.

என் பிறந்த வீடு சுரங்கக் காலத்திலேயே பௌத்தத்துக்கு வந்த குடும்பம். பௌர்ணமி தவறாமல் விகாரைக்குப் போய் ஐந்து சீலங்களையும் சொல்லிவிட்டு வருவேன். முதலாவது, உயிரைக் கொல்வதில்லை. நான்காவது, பொய் சொல்வதில்லை. மற்ற மூன்றால் எனக்கு இதுவரை பெரிய தொந்தரவு ஏதும் வந்ததில்லை.

எலி விஷயத்தில் எங்களுக்கு வேறொரு பந்தமும் உண்டு. என் அப்பா ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியில் இறங்கி வேலை பார்த்தவர். பூமிக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிடும்போது எலிகள் வந்து நிற்குமாம். ஆளாளுக்குக் கடைசிக் கவளத்தை அவற்றுக்குப் போடுவார்களாம். பாறை சரியப் போவது எலிக்குத்தான் முதலில் தெரியும், அது ஓடினால் நாமும் ஓடிப் பிழைக்கலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் எங்கள் வீட்டுக்குள் எலி மருந்து வந்ததே இல்லை. கூண்டு வைப்போம், பிடிப்போம், தூரமாகக் கொண்டுபோய் விடுவோம்.

என் வீட்டுக்காரர் வந்த வழி வேறு. அவருடைய அப்பா வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து இங்கே இருக்கும் பெரிய இயந்திரத் தொழிற்சாலைக்கு ஃபிட்டராக வந்தவர். இவரும் அதே தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். என்னை விகாரை வாசல் வரை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவார், உள்ளே வரமாட்டார். "எனக்கும் சேத்து நீயே புண்ணியம் வாங்கிக்கினு வா. நான் வண்டிய பாத்துக்கறேன்" என்பார்.

இப்படி இருந்த வீட்டுக்குள்தான் போன மழைக்காலத்தில் மொட்டைவால் வந்து சேர்ந்தது. வால் பாதியில் அறுந்துபோன, நல்ல வாட்டசாட்டமான எலி. நாங்கள் விளக்கை அணைத்ததும் அதற்கு ஷிஃப்ட் ஆரம்பமாகும். "உன் ஆளு டூட்டிக்கு வந்துட்டான்" என்று இவர் போர்வைக்குள்ளிருந்து அறிவிப்பார். எலி எப்போது என் ஆளானது என்று நான் எரிந்து விழுவேன்.

கூண்டை எடுத்துத் துடைத்து, கொக்கியில் கருவாட்டுத் துண்டு ஒன்றைக் குத்தி வைத்தேன். இவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"எலிய கொல்லக்கூடாது. மீன மட்டும் கொல்லலாமா?"

"செத்த மீன நான் கொல்லல. கடையில வாங்கினேன். வாய மூடிக்கினு நவுருங்க."

மறுநாள் காலையில் மொட்டைவால் கூண்டுக்குள் உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தது. ராபர்ட்சன்பேட்டையில் நான் நடத்தும் ஜெராக்ஸ் கடையைத் திறக்கப் போவதற்கு முன்னால், கூண்டை ஒயர் கூடையில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எதிர் லைனைத் தாண்டி, சுரங்கக் கழிவு மலையாகக் குவிந்த சயனைடு மேட்டுக்குப் போகிற பாதையில் உண்ணிச் செடிப் புதர் ஒன்று உண்டு. அங்கே கதவைத் திறந்தேன். அது ஓடி மறைந்தது. ஓர் உயிருக்கு வாழ்வு கொடுத்த நிறைவோடு கடைக்குப் போனேன். அன்று ஒருவர் எழுத்தே தெரியாத ஆதார் நகலைக் கொண்டுவந்து தெளிவாக எடுத்துத் தரச் சொன்னபோதுகூட நான் கத்தவில்லை.

நாலைந்து நாள்தான் போயிருக்கும். மொட்டைவால் திரும்பி வந்துவிட்டது.

மறுபடியும் பிடித்தேன், மறுபடியும் அதே புதரில் விட்டேன். மறுபடியும் வந்தது. வேறு எலியாக இருக்கும் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை, அந்தப் பாதி வால் அடையாள அட்டைபோல் கூடவே வந்தது. "ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துக்கினுதான் போறான் போல" என்று இவர் சிரித்தார். ஸ்கூட்டரின் வயரை அது கடித்து வைத்த நாளில் கொஞ்சம் குறைவாகச் சிரித்தார். ஓய்வு பெறும்போது தொழிற்சாலையில் கொடுத்த நீல ஸ்வெட்டரின் ஒரு கையை அது முழங்கை வரை கத்தரித்துக்கொண்டு போன திங்கட்கிழமை, சிரிப்பே வரவில்லை.

அந்த ஸ்வெட்டரை இவர் மார்கழிப் பனிக்குக்கூடப் போட்டதில்லை. மடித்து வைத்து எடுத்துப் பார்ப்பதோடு சரி. அதை மடியில் போட்டுக்கொண்டு, கடிபட்ட கையை விரித்து விரித்துப் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு போய், எலி மருந்துப் பொட்டலம் ஒன்றை வாங்கிவந்து ஜன்னலில் வைத்தார்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் உனக்கு டைம். அதுக்குள்ள அவன் போய் ஒழியணும். இல்லன்னா அன்னிக்கு நான் வெப்பேன். உன் சீலம் உனக்கு, என் ஸ்வெட்டர் எனக்கு."

அவர் பக்கம் நியாயம் இருந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் வீட்டுக் கூரைக்குக் கீழே ஓர் உயிர் விஷம் தின்று துடித்தால், அடுத்த பௌர்ணமிக்கு விகாரையில் எந்த முகத்தோடு கை கூப்புவேன்? அதற்காக, கட்டியவரின் ஒரே பொக்கிஷத்தைக் கடித்தது பற்றி எனக்குக் கவலையில்லை என்றும் சொல்ல முடியுமா? வேறு வழி தெரியாமல் மொட்டைவாலைத் திட்டிக்கொண்டே கூண்டு வைத்தேன். "தடிமாடு, சனியன் புடிச்சவனே, உன் உயிரக் காப்பாத்தத்தான்டா அலையறேன்."

செவ்வாயும் புதனும் கூண்டு காலி. வியாழன், வெள்ளியும் காலி. பரணில் மட்டும் ஏதோ ஓடுகிற சத்தம் கேட்டது.

சனிக்கிழமை காலையில் குப்பை கொட்ட எங்கள் லைனின் பின்பக்கம் போனேன். அங்கே எதிர் லைன் அக்கா குனிந்து நின்றிருந்தார். இட்லி மாவு அரைத்து விற்கிறவர், விகாரையில் எப்போதும் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவர். என்னைப் பார்த்ததும் கையில் இருந்ததை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தார். முந்தானைக்குள்ளிருந்து கீச்சென்று சத்தம் வந்தது.

"இன்னாக்கா அது?"

"ஒண்ணும் இல்லடி."

முந்தானையை விலக்கினேன். எலிக்கூண்டு. உள்ளே பாதி வாலோடு ஓர் எலி.

"அக்கா, அது எங்க எலி!"

"உங்க எலியா? என் அரிசி மூட்டைய ரெண்டு மாசமா ஓட்ட போட்டுக்கினு கீது. எத்தினி வாட்டி புடிச்சு இங்க வந்து விட்டுக்கினு கீறேன் தெரியுமா?"

"இங்கயா? எங்க லைனுக்குப் பின்னாலயா?"

"உசுரக் கொல்லக்கூடாதுன்னு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். "நீ எங்க விட்ட?"

நான் கையை நீட்டி உண்ணிப் புதரைக் காட்டினேன். அந்தப் புதரிலிருந்து அக்காவின் சமையலறைச் சுவர் எவ்வளவு பக்கம் என்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. அக்காவுக்கும் என் வீட்டுப் பின்கதவு அப்போதுதான் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

"பக்கத்துல உக்காந்து சீலம் சொல்லிட்டு, என் வூட்டுக்கே எலி அனுப்புவியா?" என்று அவர் குரலை உயர்த்தினார். நான் சும்மா இருப்பேனா? அவர் ஒன்று சொன்னால் நான் இரண்டு சொன்னேன். லைனில் இரண்டு கதவு திறந்து இரண்டு தலை எட்டிப் பார்த்தன. மொட்டைவால் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஞ்சாயத்துக்கு வந்த பெரிய மனிதரைப்போல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. அதைப் பார்த்ததும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. குப்பை வாளியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இரண்டு மாதமாக இரண்டு புண்ணியவதிகள் ஓர் எலியைத் தோளில் சுமக்காத குறையாக இரண்டு வீட்டுக்கும் விருந்துக்கு அழைத்துப் போயிருக்கிறோம்.

சிரித்து முடித்ததும் நாளை ஞாயிற்றுக்கிழமை என்பது ஞாபகம் வந்தது. கெடுவைப் பற்றியும் ஜன்னலில் இருக்கும் பொட்டலத்தைப் பற்றியும் அக்காவிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"பேத்தமங்களா கொண்டுபோயிடலாம். ஏரிக்கர. அங்கேருந்து எப்பிடி வரும் பாக்கலாம்."

அவரும் மாவுக் கடையை மூடினார், நானும் ஜெராக்ஸ் கடையைத் திறக்கவில்லை. வீட்டுக்காரரிடம் வாசலில் நின்றே விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவர் துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "நல்லது. அவன் பரண்ல பண்ணி வெச்ச அசிங்கத்த நான் சுத்தம் பண்றேன்" என்றார்.

பேருந்தில் ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்டக்டர் கூடையை உற்றுப் பார்த்து, "ஏனம்மா அது?" என்று கேட்டார், கன்னடத்தில் 'என்னம்மா அது' என்று அர்த்தம். கோழி என்று சொல்லிவிடலாம் என்று அக்கா கண்ணைக் காட்டினார். நான்காவது சீலம் தொண்டையில் வந்து நின்றது. "இலி" என்றேன். கன்னடத்தில் எலிக்கு அதுதான் பேர். முன் சீட்டுக்காரர் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார். கண்டக்டர் நான் கிண்டல் செய்வதாக நினைத்துச் சிரித்துக்கொண்டே டிக்கெட் கிழித்தார். உண்மையைச் சொல்லிவிட்டால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள், அது ஒரு வசதி.

பேத்தமங்களாவில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தோம். ஆள் இல்லாத இடம்போல் தெரிந்த ஒரு வரப்பில் கூண்டை இறக்கி வைத்தேன். எங்கிருந்து வந்தாரோ, தக்காளித் தோட்டத்துக்குள்ளிருந்து ஓர் அம்மாள் கையில் களைக்கொத்தோடு நிமிர்ந்தார். தெலுங்கும் தமிழும் கலந்து விசாரித்தார். சொன்னோம்.

"உங்க வூட்ல தின்னா பாவம், எங்க காட்ல தின்னா புண்ணியமா?" என்றார்.

எதிர் லைனுக்குச் செய்ததையே இப்போது டிக்கெட் எடுத்து வந்து பக்கத்து ஊருக்குச் செய்யப் பார்த்திருக்கிறோம். மன்னிப்புக் கேட்டுக் கூடையை எடுத்துக்கொண்டோம். அவர் கோபம் போகாமலேயே, "அப்படியே போனா கரைமேல புங்கமரம் இருக்கு. அந்தப் பக்கம் பயிரு இல்ல" என்று வழியும் சொன்னார்.

புங்கமர நிழலில் உட்கார்ந்தோம். ஏரிக்காற்று நன்றாக இருந்தது. மொட்டைவால் மட்டும் கூண்டுக்குள் நிலைகொள்ளாமல் சுற்றியது, கம்பியைக் கடித்தது, மறுபடியும் சுற்றியது. இவ்வளவு தவித்து நான் அதைப் பார்த்ததில்லை. "போறோம்னு தெரிஞ்சுபோச்சு போல" என்றார் அக்கா. எனக்குக்கூடக் கொஞ்சம் பிரிவுத் துயரம் வந்தது. கூண்டுக் கதவின் கொக்கியில் விரலை வைத்தேன். கைப்பேசி அடித்தது.

வீட்டுக்காரர். எடுத்ததும், "தொறந்துட்டியா?" என்று கத்தினார்.

"இப்பதான் தொறக்கப் போறேன். இன்னா அவசரம் உங்களுக்கு?"

"தொறக்காத! கைய எடு! அது ஆணு இல்ல, பொண்ணு. குட்டி போட்டுக் கீது."

"எங்க?"

"பரண்ல. என் ஹெல்மெட்ல."

தொழிற்சாலையில் தலையில் போட்டுக்கொண்டிருந்த மஞ்சள் ஹெல்மெட்டை அவர் பரணில் கவிழ்க்காமல் மல்லாத்தி வைத்திருந்தார். அதற்குள் நீல ஸ்வெட்டரின் கையை நூல் நூலாகப் பிரித்துப் பரப்பி, மெத்தை போட்டு, அதன்மேல் பெற்றுப் போட்டிருக்கிறது. "வேர்க்கடல மாதிரி கீதுங்க. கண்ணே தொறக்கல" என்றார்.

நான் கூண்டைப் பார்த்தேன். தடிமாடு என்றும் சனியன் என்றும் நான் திட்டிய ஆள், பாலூட்டப் போகத் தவித்துக்கொண்டிருந்த தாய். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் நான் செய்திருக்கக்கூடிய காரியத்தை நினைத்து, விரலைக் கொக்கியிலிருந்து எடுத்துவிட்டேன்.

"அடுத்த பஸ்ஸுல வந்துடறோம்" என்றேன்.

"பஸ்ஸுக்கு நிக்காத. ஆட்டோ புடி!"

ஆட்டோவில் ஏறுவதில்லை என்பதை என் ஐந்து சீலங்களுக்குப் பக்கத்தில் தன் ஆறாவது சீலமாக வைத்திருந்தவர் என் வீட்டுக்காரர். மகள் பிறந்தபோதே ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில்தான் வந்தோம். அதை அக்காவிடம் சொன்னேன். "அதெல்லாம் அப்புறம் சண்ட போட்டுக்கோ, ஏறு" என்றார். வழி முழுக்க அக்கா கூண்டின் பக்கம் குனிந்து, "தாயி, கொஞ்சம் பொறுத்துக்கோ, வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆட்டோக்காரர் அவரைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

வீட்டு வாசலில் இவர் இல்லை. உள்ளே ஏணியின் நடுப்படியில் நின்றிருந்தார். ஒரு கையில் துடைப்பம். ஜன்னலுக்கு வெளியே சுவர்மேல் ஒரு வெள்ளைப் பூனை உட்கார்ந்து பரணையே பார்த்துக்கொண்டிருந்தது. "காலையிலேருந்து போவமாட்டேங்குது, திருட்டுக் கழுத" என்றார். ஹெல்மெட்டுக்கு மேலே மேசை விளக்கைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார், குட்டிகளுக்குக் குளிரக்கூடாதாம். எலிக்கு மருந்து வாங்கி வைத்தவர் எலிக்குக் காவல் நிற்பதைப் பார்த்து எனக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. நல்லவேளை, அக்கா முந்திக்கொண்டு சிரித்துவிட்டார்.

"சிரிக்காதீங்க. சத்தத்துக்கு பயப்படும்" என்று அவர் கூண்டை வாங்கினார். பரணில் ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கதவைத் திறந்தார். விளக்கை விலக்கிவிட்டு இறங்கி வந்தார்.

மூன்று பேரும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. மனிதர் வாடை பட்டுவிட்டது, இனிமேல் சேர்க்காது என்று அக்கா முணுமுணுத்தார். இவர் அவரை முறைத்தார். மெல்லிய கீச்சொலி மட்டும் மேலிருந்து வந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ. திடீரென்று அந்தக் கீச்சொலி நின்றது. இவர் சத்தமில்லாமல் ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தார். எங்கள் பக்கம் திரும்பியபோது முகமெல்லாம் சிரிப்பு.

"உள்ள படுத்துக்கினு கீறா."

அவன் என்பது அந்த நிமிஷத்திலிருந்து அவள் ஆகிவிட்டது. குட்டிகள் கண் திறந்து ஓடியாடத் தொடங்கியதும் யார் வீட்டுக்கும் யார் காட்டுக்கும் கெடுதல் இல்லாத ஓர் இடத்தை இரண்டு லைனும் சேர்ந்து தேடுவது என்று அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டு மாவு அரைக்கப் போனார். அப்படி ஓர் இடம் உலகத்தில் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்தான். தேடாமல் இருக்க முடியாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கெடு முடிகிற நாள். காலையில் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"எலி மருந்து வாங்கி வெச்சீங்களாமே? கொஞ்சம் மிச்சம் இருந்தா குடுங்க. பரண்ல ஏதோ ஓடற சத்தம் கேக்குது. உங்க பக்கம்தான்னு நெனைக்கிறேன்."

பொட்டலம் ஜன்னலில் அப்படியே இருந்தது. இவர் சாதாரணமாக நகர்வதுபோல் இரண்டு அடி நகர்ந்து, அதை முதுகால் மறைத்துக்கொண்டார்.

"எங்க பக்கமா? எங்க வூட்ல எலியே இல்லியே. மருந்தும் தீந்துபூச்சு."

பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பேருந்தில் ஊரே கேட்க உண்மை சொன்னவள் நான். இப்போது எனக்குத் திடீரென்று அடுப்பில் வேலை வந்துவிட்டது, உள்ளே போய்விட்டேன்.

அவர் போனபிறகு இவரிடம் கேட்டேன். "இன்னாங்க, இப்பிடி கூசாம பொய் சொல்றீங்க?"

"ஹெல்மெட்டுக்குள்ள கீறவங்களுக்கு ஒண்ணும் ஆவக்கூடாது. எங்க ஃபாக்டரி ரூல்" என்றார், கொஞ்சமும் சிரிக்காமல். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கத்தில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிட்டு வந்து, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். அவர் தட்டில் கடைசிக் கவளம் மிச்சம் இருந்தது. சாப்பாட்டை வீணாக்குகிற பழக்கம் அவருக்கு எப்போதுமே கிடையாது. என்ன என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் தட்டோடு எழுந்து போய் ஏணியைச் சுவரில் சாத்தினார்.